சுவரை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

டிவி பட்டறை: வாசகர் கேள்வி - பதில்

தீபாவளி நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன: எந்த டிவி வாங்கலாம்? கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1987 முதல் பட்டறை நடத்துகிறேன். மரப்பெட்டிக்குள் இருந்த ஸாலிடேர், டயனோரா செட்டுகளைத் திறந்து தொழில் கற்றவன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கம்பெனி பெயரைச் சொல்லுங்கள் என்று பலர் வற்புறுத்தியிருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். ஒரே கம்பெனி, ஒரே மாடல் எண்ணில், வேறு வேறு ஆலைகளில் வாங்கிய பேனல்களை, அதாவது படம் காட்டும் திரைப் பகுதியைப் பொருத்தி விற்பதை நான் பட்டறையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் அண்டை வீட்டு டிவி நன்றாக இருப்பதால் அதே பெயருள்ள டிவி உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று எப்படி உறுதி கொடுப்பேன்? ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். டிவியில் ஒலி போதவில்லை என்றால் வெளியே ஸ்பீக்கர் வைக்கலாம். இணைய வசதி பழசாகிவிட்டால் பின்னால், இணையப் படங்களைக் கொண்டுவரும் ஸ்டிக் என்ற சிறு கருவியைச் செருகலாம். பேனலை மாற்றுவது கட்டுப்படியாகாது. மாற்றினால் புது டிவியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆகவே என் பதில்கள் எல்லாம் பேனலையும், அது மாட்டப்போகும் சுவரையும் சுற்றியே இருக்கும்.

கேள்வி: எங்கள் கூடம் பதினான்குக்குப் பத்து அடி. சோபாவிலிருந்து சுவர் எட்டு அடி தூரம். இப்போது 32 அங்குல டிவி இருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகன் 55 அங்குலம் வாங்கித் தருகிறேன் என்கிறான். என் மனைவி 43 போதும் என்கிறார். பட்ஜெட் 35,000 ரூபாய். காலையில் செய்தி, மதியம் பழைய படங்கள், இரவு சீரியல் பார்ப்போம். கேபிள் இணைப்புதான். யார் சொல்வது சரி?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம்

பதில்: ஐயா, தூரத்தை அளந்து எழுதியதற்கு முதலில் என் நன்றி. நூறு பேர் கேட்டால் ஐந்து பேர்கூட அதை எழுதுவதில்லை.

திரையரங்குக்கு வகுத்த கணக்கு ஒன்று உண்டு. உட்காரும் தூரத்தை அங்குலத்தில் எடுத்து 1.6 ஆல் வகுக்க வேண்டும். எட்டு அடி என்றால் 96 அங்குலம். வகுத்தால் 60 வரும். அந்தக் கணக்கில் உங்கள் மகன் கேட்பது பெரிதே இல்லை. ஆனால் அது நல்ல தரமான படம் திரைக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உங்கள் வீட்டில் திரைக்கு என்ன வருகிறது என்று பார்ப்போம்.

செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள ஒயர் போகிறதா? அப்படியானால் வருவது எஸ்.டி. படம். குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576 புள்ளி. 4கே டிவியில் குறுக்கே 3840, நெடுக்கே 2160. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு. அதாவது திரையில் உள்ள இருபது புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் தகவல் வருகிறது. மீதிப் பத்தொன்பதை டிவி தானாக ஊகித்து நிரப்புகிறது. 32 அங்குலத்தில் அந்த ஊகம் கண்ணுக்குத் தெரியாது. 55 அங்குலத்தில் செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகுபோல் வழியும், கீழே ஓடும் எழுத்துகளின் ஓரத்தில் கொசு மொய்ப்பதுபோல் இருக்கும். புது டிவி வாங்கிய பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு "படம் சரியில்லை, பழையதே தேவலை" என்று சொல்பவர்களின் வீட்டில் பத்துக்கு ஏழு இடங்களில் இந்த மூன்று முனை ஒயர்தான் இருக்கிறது.

ஆகவே என் யோசனை இது. டிவியை இப்போது வாங்காதீர்கள். முதலில், கூடுதல் புள்ளிகளோடு படம் தரும் எச்.டி. செட்டாப் பாக்ஸுக்கு மாறுங்கள். அதை, படமும் ஒலியும் ஒன்றாகப் போகும் எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாக உங்கள் 32 அங்குல டிவியிலேயே செருகி ஒரு மாதம் பாருங்கள். படம் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பார்த்து நீங்களே வியப்பீர்கள். "இதுவே போதுமே" என்று உங்கள் மனைவி சொன்னாலும் சொல்வார்.

அதற்குப் பிறகும் பெரிய திரை வேண்டும் என்றால், இன்னொரு வேலை செய்யுங்கள். பழைய செய்தித்தாள்களை ஒட்டிச் சேர்த்து 122 சென்டிமீட்டர் அகலம், 68 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, சுவரில் ஒட்டுங்கள். அது 55 அங்குலம். 111-க்கு 62 வெட்டினால் 50 அங்குலம். 95-க்கு 53 வெட்டினால் 43. மூன்று நாள் அந்தத் தாள் சுவரில் இருக்கட்டும். எதிரே உட்கார்ந்து காபி குடியுங்கள். கடையில் முப்பது அடி நீளச் சுவரில் பார்க்கும்போது 55 சிறியதாகத்தான் தெரியும். உங்கள் பத்து அடிச் சுவரில் அது ஜன்னலை மறைக்கிறதா, சாமி படத்தை இடம் மாற்ற வேண்டியிருக்குமா என்பதெல்லாம் தாளை ஒட்டினால்தான் தெரியும். நான் உங்கள் வீட்டுக்கு 50 அங்குலம் என்பேன். ஆனால் 35,000 ரூபாயில் சுமாரான பேனல் கொண்ட 55-ஐயும் நல்ல பேனல் கொண்ட 43-ஐயும் அருகருகே வைத்தால், தயங்காமல் உங்கள் மனைவியின் பக்கம் நிற்பேன்.

4கே என்ற சொல்லுக்காகத் தனியே காசு கொடுக்க வேண்டாம். 43 அங்குலத் திரையில், 4கேவின் கால் பங்குப் புள்ளிகள் கொண்ட ஃபுல் எச்.டி.க்கும் 4கேவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சராசரிக் கண் ஐந்தரை அடிக்கு அப்பால் பிரித்தறியாது. நீங்கள் எட்டு அடியில் உட்காருகிறீர்கள். 55 அங்குலத்துக்கு அந்த எல்லை ஏழு அடி.

கேள்வி: நேரு வீதியில் ஒரு கடையில் பார்த்தபோது படம் கண்ணைப் பறித்தது. வீட்டுக்கு வந்து மாட்டியதும் எல்லோர் முகமும் மஞ்சள் பூசியதுபோல் இருக்கிறது. சினிமாகூட சீரியல்போலத் தெரிகிறது. கடைக்காரர் வேறு டிவியை மாற்றிக் கொடுத்துவிட்டாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.
- இல்லத்தரசி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அம்மா, மாற்றிக் கொடுத்திருக்க மாட்டார். அட்டைப்பெட்டியில் உள்ள மாடல் எண்ணையும் பில்லில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்த்து நிம்மதியாகுங்கள்.

கடையில் டிவி வேறு விதமாக வேலை செய்கிறது. எல்லா டிவியிலும் கடைக்கென்று ஒரு அமைப்பு உண்டு. வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றி, நீலத்தை அள்ளிப் பூசி, வண்ணத்தை இருமடங்காக்கிக் காட்டும். ஓடவிடுகிற படமும் அதற்கென்றே எடுத்தது: கிளி, பூ, பழம், அருவி. கிளியின் பச்சை சரியா தவறா என்று யாரும் சொல்ல முடியாது. மனித முகத்தின் நிறத்தை நாம் எல்லோரும் சொல்வோம். அதனால்தான் கடையில் முகம் காட்டுவதில்லை.

உங்கள் டிவியில் முதலில் 'ஹோம்' அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு படத்துக்கான பகுதியில் 'சினிமா' அல்லது 'மூவி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் மங்கலாக, சற்றே பழுப்பாகத் தெரியும். மூன்று நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், கண் பழகிவிடும். பிறகு பழைய அமைப்புக்குப் போனால் கண் கூசும். 'ஷார்ப்னெஸ்' என்பதைச் சுழியத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அது கூர்மையைக் கூட்டுவதில்லை, ஓரங்களில் வெள்ளைக் கோடு இழுக்கிறது. பெயரில் 'மோஷன்' என்று வரும் ஒன்று இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். சினிமா வினாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. இடையிடையே இல்லாத படங்களை டிவி தானாக உண்டாக்கிச் செருகுவதால்தான் அது சீரியல்போல வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அதை அணைத்துவிடுங்கள். கிரிக்கெட் பார்க்கும்போது வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: ஒரு பென் டிரைவில் உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவை எடுத்துப் போங்கள். நீங்கள் நேரில் அறிந்த முகங்கள், நீங்களே எடுத்த பட்டுப்புடவையின் நிறம். அதை ஓடவிடச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள், நேரு வீதியில் கடைகளுக்கா பஞ்சம்? பிறகு பக்கவாட்டில் நான்கு எட்டு நகர்ந்து நின்று பாருங்கள். சில பேனல்களில் நேரே பார்த்தால் கறுப்பு நன்றாகக் கறுக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் வண்ணம் வெளுக்கும். அதை வி.ஏ. பேனல் என்பார்கள். சிலவற்றில் எந்தப் பக்கம் போனாலும் வண்ணம் மாறாது. ஆனால் இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். அது ஐ.பி.எஸ். கூடத்தில் சுவரோரம் சுற்றி உட்காரும் குடும்பத்துக்கு இரண்டாவது. விளக்கணைத்து நேரே உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு முதலாவது.

கேள்வி: ஓ.எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., மினி எல்.இ.டி. என்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை. கடையில் வேலை பார்ப்பவர்களும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
- மளிகைக் கடை உரிமையாளர், நெல்லிக்குப்பம்

பதில்: எல்.இ.டி. டிவி என்று சொல்வதெல்லாம் எல்.சி.டி. டிவிதான். திரைக்குப் பின்னால் எல்.இ.டி. விளக்குப் பட்டைகள் எரிகின்றன. முன்னால் உள்ள திரை அந்த ஒளியைத் திறந்து மூடுகிறது. கியூ.எல்.இ.டி. என்பதில் அதே விளக்குக்கு முன்னால் நுண்துகள் பூசிய ஒரு தகடு கூடுதலாக இருக்கிறது. வண்ணம் செழிக்கும், கறுப்பில் மாற்றம் இருக்காது. மினி எல்.இ.டி.யில் பின்விளக்குகள் பொடிப்பொடியாக, நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரிந்து, இருட்டான இடத்தில் மட்டும் அணைந்துகொள்ளும். ஓ.எல்.இ.டி.யில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அமாவாசை வானத்தை அப்படிக் காட்ட வேறொன்றால் முடியாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தடுக்கிறது. "காலை கடை திறந்தது முதல் வீட்டில் செய்திச் சேனல் ஓடிக்கொண்டே இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓ.எல்.இ.டி.யில் ஒரே இடத்தில் மாதக்கணக்காக நிற்கும் சேனல் முத்திரையும், அடியில் ஓடும் சிவப்புப் பட்டையும் திரையில் தழும்பாகப் பதிந்துவிடும். பழுதுக்கு மருந்தில்லை. உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். பணம் இருந்தால் மினி எல்.இ.டி., இல்லாவிட்டால் சாதாரண எல்.இ.டி.

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். எட்டு வருடத்தில் மூன்று டிவி மாற்றிவிட்டோம். உப்புக்காற்றுக்குத் தாங்கும் டிவி எது? ஸ்டெபிலைசர் வைத்தால் காப்பாற்றுமா?
- மீன் வியாபாரியின் மகள், தேவனாம்பட்டினம்

பதில்: மகளே, உன் கடிதம் படித்ததும் எனக்கு 2004 ஞாபகம் வந்தது. டிசம்பர் 26 சுனாமிக்கு அடுத்த வாரத்தில் உங்கள் ஊரிலிருந்து மட்டும் பதினோரு செட்டுகள் என் பட்டறைக்கு வந்தன. பிக்சர் டியூப் வைத்த பெரிய செட்டுகள். உள்ளே கடல்மண் அப்பியிருந்தது. போர்டுகளைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றாக ஓடவைத்தேன். ஏழு ஓடின. ஓர் அம்மா வந்து, "படம் வராவிட்டால் பரவாயில்லை தம்பி, சத்தம் மட்டும் வரும்படி செய்துகொடு, வீடு வெறிச்சென்று கிடக்கிறது" என்றார். படமும் வரும்படி செய்துகொடுத்தேன். ஆனால் ஆறு மாதத்துக்குள் அந்த ஏழும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. செம்புக் கோடுகள் பச்சை பூத்து அறுந்திருந்தன. உப்பை முழுமையாகக் கழுவ முடியாது என்பதை அன்று கற்றேன்.

உப்புக்காற்றுக்கு என்று செய்த வீட்டு டிவியை நான் பார்த்ததில்லை. ஆனால் எப்படிக் கெடுக்கிறது என்று தெரிந்தால் ஆயுளை நீட்டலாம். காற்றில் ஈரப்பதம் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையும். டிவிக்குள் படிந்த மெல்லிய உப்புப் படலம் அப்போது மின்சாரம் கடத்தத் தொடங்கும். மழைக்காலத்து இரவுகளில் உங்கள் ஊரில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

ஆகவே, கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே டிவியை மாட்டாதீர்கள். உள்சுவரில் மாட்டுங்கள். குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். மழையில் ஓதம் ஏறும் சுவர் என்றால் டிவிக்கும் சுவருக்கும் இரண்டு அங்குலமாவது இடைவெளி விடுங்கள். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். தினமும் ஒரு மணி நேரமாவது டிவியை ஓடவிடுங்கள், அந்தச் சூடு உள்ளே ஈரம் தங்கவிடாது. ஊருக்குப் போய் ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவைத்துத் திரும்பி வந்தவர்களின் டிவிகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. அணைத்த உடனே துணி போட்டு மூடாதீர்கள், ஆறிய பிறகு மெல்லிய பருத்தித் துணி போடலாம். பின்விளக்கு அளவை நூறிலிருந்து அறுபதுக்குக் குறையுங்கள். பட்டைகள் நெடுநாள் தாங்கும், மின்சாரமும் மிச்சம். பின்பக்கத் துளைகள் வழியாகப் பல்லி புகுந்து பவர் போர்டில் படுத்து, தானும் கருகி டிவியையும் கருக்கியதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். டிவிக்கு நேர்மேலே டியூப்லைட் இருந்தால் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். விளக்கை இடம் மாற்றுங்கள்.

ஸ்டெபிலைசர் பற்றிக் கேட்டாய். இப்போதைய டிவிகள் பலவற்றின் பின்னால் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். குறைந்த மின்னழுத்தத்தை அவை தாமே சமாளித்துக்கொள்ளும். மின்னழுத்தம் அளவுக்கு மேல் ஏறும்போதுதான் ஆபத்து. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்கள் முறிந்து ஊர் நாள்கணக்காக இருளில் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். மின்சாரம் திரும்பி வந்த நாளன்று ஒரே தெருவில் நான்கு வீட்டு டிவிகள் எரிந்தன. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரை ஏறும். அதற்குச் சாதாரண ஸ்டெபிலைசர் தாங்காது. மின்னழுத்தம் எல்லை மீறினால் தானாகத் துண்டிக்கும் கருவி தனியே கிடைக்கிறது. அதை வாங்கி மெயின் பெட்டியில் எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாவிட்டால், திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் ஸ்பைக் கார்டு பாதி வேலைதான் செய்யும்.

இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். கேபிள் ஒயரையும், டிஷ் ஒயரையும் கழற்றுங்கள். மின்னல் பெரும்பாலும் அந்த வழியாக வந்து எச்.டி.எம்.ஐ. வாயைத்தான் பதம் பார்க்கிறது.

கேள்வி: கடலூரைவிடப் புதுச்சேரியில் டிவி மலிவா?
- தனியார் நிறுவன ஊழியர், கடலூர் முதுநகர்

பதில்: மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேறாக இருந்த நாளில் அந்த எண்ணத்துக்கு இடம் இருந்தது. 2017 ஜூலை 1 முதல் இரண்டு பக்கமும் ஒரே ஜி.எஸ்.டி.தான். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. விலையில் வேறுபாடு இருந்தால் அது அந்தக் கடையின் தள்ளுபடி. போய்த்தான் வாங்குவேன் என்றால், கொண்டுவரும்போது பெட்டியைப் படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தியே பிடித்து வாருங்கள். கடலூர் வருவதற்குள் வேகத்தடைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். படுத்த பேனல் அத்தனையிலும் வளையும். பேனல் உடைந்தால் வாரண்டி கிடையாது.

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. புது டிவி வாங்கியதிலிருந்து, "பேசுவது புரியவில்லை" என்கிறார். சத்தத்தைக் கூட்டினால் பாட்டும் இரைச்சலும் காதைப் பிளக்கின்றன. பழைய டிவியில் இப்படி இல்லை. அவர் பாயில் உட்கார்ந்துதான் பார்ப்பார். டிவி சுவரில் ஐந்தடி உயரத்தில் இருக்கிறது.
- வங்கி ஊழியர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் அம்மா சொல்வது முழு உண்மை. அவரை யாரும் வீட்டில் கடிந்துகொள்ளாதீர்கள். பழைய செட்டில் ஸ்பீக்கர் முன்பக்கம் இருந்தது, ஒலி நேரே முகத்துக்கு வந்தது. இப்போது டிவி ஒல்லியாகிவிட்டதால் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கிறது. ஒலி சுவரில் மோதிச் சிதறி வருகிறது. வயதானால் காது முதலில் இழப்பது மெல்லிய, உச்ச ஒலிகளை. 'ச', 'த', 'க' போன்ற எழுத்துகளைப் பிரித்தறிய அந்த ஒலிகள்தான் வேண்டும். நீங்கள் சத்தத்தைக் கூட்டும்போது மேளமும் கூடுகிறது, அவருக்கு வேண்டிய எழுத்து மட்டும் கூடுவதில்லை.

ஒலி அமைப்பில் 'வாய்ஸ்' அல்லது 'ஸ்பீச்' என்று ஒன்று இருக்கும். அதைப் போடுங்கள். பேஸ் எனும் அடி ஒலியைக் குறைத்து, டிரெபிள் எனும் உச்ச ஒலியைக் கூட்டுங்கள். இது போதாவிட்டால் சவுண்ட்பார் எனும் சிறிய நீள ஸ்பீக்கர் ஒன்றை, டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. வாயில் செருகி, அம்மாவின் முகத்தைப் பார்த்தாற்போல் தாழ்வாக வையுங்கள். பெரிய பெட்டியோடு வரும் அதிரடி ஸ்பீக்கர்கள் அவருக்கு உதவாது. காது மருத்துவரிடமும் ஒரு முறை காட்டுங்கள்.

உயரத்தைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. உங்கள் மேல் இல்லை, மாட்டிவிட்டுப் போனவர் மேல். பாயில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கும். ஐந்தடியில் டிவி இருந்தால் அந்த அம்மாள் மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கழுத்து என்ன ஆகும்? கீழிருந்து பார்ப்பதால் படமும் வெளுத்துத் தெரியும். மாட்ட வருபவர்கள் நின்றுகொண்டு அளக்கிறார்கள், நிற்பவருக்குச் சரியாக மாட்டுகிறார்கள். அம்மாவைப் பாயில் உட்காரவைத்து, அவர் கண்ணுக்கு நேரே திரையின் நடுப்பகுதி வரும்படி இறக்கி மாட்டுங்கள். சுவரில் பழைய துளைகள் தெரியும். தெரியட்டும், காலண்டர் மாட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய ஸ்மார்ட் டிவி இப்போது ஆமைபோல் நகர்கிறது. புதிதாக வாங்கச் சொல்கிறார்கள்.
- கல்லூரி மாணவர், வில்லியனூர்

பதில்: தம்பி, பேனல் நன்றாக இருந்தால் வாங்காதே. உள்ளே இருக்கும் கணினி சிறியது, செயலிகள் வளர்ந்துகொண்டே போகின்றன. வேண்டாத செயலிகளை நீக்கு. பிறகும் நகராவிட்டால் சில ஆயிரம் ரூபாய்க்கு ஸ்டிக் வாங்கிச் செருகு. டிவியை வெறும் திரையாக வைத்துக்கொள்.

கேள்வி: சத்தம் வருகிறது, படம் வரவில்லை. ஆறு வருடம் ஆன 40 அங்குல டிவி. பழுது பார்ப்பவர் "பேனல் போய்விட்டது, எடைக்குப் போடுங்கள்" என்கிறார்.
- ஆட்டோ ஓட்டுநர், அரியாங்குப்பம்

பதில்: போடுவதற்கு முன் இரவில் அறை விளக்கை அணைத்து, டிவியை ஓடவிட்டு, டார்ச் ஒளியைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது. பின்விளக்குப் பட்டைதான் போயிருக்கிறது. அந்த விளக்குகள் மாலைபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒன்று அறுந்தால் வரிசையே அணையும். பட்டை மாற்ற ஆகும் செலவு புது டிவி விலையில் சிறு பங்குதான். திரையைக் கழற்றப் பொறுமை உள்ள ஆளாகப் பார்த்துக் கொடுங்கள்.

கேள்வி: 2006 தேர்தலுக்குப் பின் அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. புது டிவி வாங்கப்போகிறோம். மருமகள் பழையதை எடைக்குப் போடச் சொல்கிறாள். என் கணவர் இருந்தபோது வரிசையில் நின்று வாங்கிவந்தது. மனசு வரவில்லை.
- முந்திரித் தோப்பு வைத்திருப்பவர், பண்ருட்டி அருகே

பதில்: அம்மா, ஓடுகிற செட்டை எடைக்குப் போட நானும் சொல்ல மாட்டேன். உங்கள் அறையில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை ஒயர் இதற்குத்தான் பொருத்தம். அந்தச் சிறிய பிக்சர் டியூபில் எஸ்.டி. படம் புது டிவியைவிட அழகாகத் தெரியும். புதிய டிவிக்கு எச்.டி. பாக்ஸ் வரும்போது பழைய பாக்ஸைத் திருப்பிக் கொடுக்காமல் இதற்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேபிள்காரரிடம் கேளுங்கள்.

என்றாவது அது நின்றுபோனால், தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் கொடுக்காதீர்கள். செம்புக்காக டியூபை உடைப்பார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உள்ளே வெற்றிடம் என்பதால் உடையும்போது சில்லுகள் சிதறும். பேரப்பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அது நடக்கக் கூடாது. மின்கழிவு எடுப்பவர்களிடமோ, பழையதை எடுத்துக்கொள்ளும் டிவி கடையிலோதான் கொடுக்க வேண்டும்.

இப்போது கூடத்திலிருந்து உங்கள் அறைக்கு மாற்றும்போது மகனைத் தூக்கச் சொல்லுங்கள். எடை முழுவதும் முன்பக்கக் கண்ணாடியில்தான் இருக்கிறது. கண்ணாடி அவர் நெஞ்சோடு ஒட்டியிருக்கும்படி அணைத்துத் தூக்கட்டும்.